முதல் அப்பாயின்ட்மென்ட்டுக்கு முன்பே வேர்பிடிக்கும் நஞ்சுக்கொடி

வீட்டில் டெஸ்ட் செய்து இரண்டு கோடு தெரிந்ததும் கிளினிக்குக்கு போன் போட்டால், கலிஃபோர்னியாவின் மில்பிடாஸில் பெரும்பாலும் எட்டாவது வாரத்துக்குத்தான் நாள் கொடுப்பார்கள். "இன்னும் டாக்டரையே பாக்கலியா?" என்று ஊரிலிருந்து அம்மா பதறுவார். அந்தப் பதற்றத்தில் நியாயம் இருக்கிறது. டாக்டரைப் பார்க்கும் முன்பே நஞ்சுக்கொடி உருவாகத் தொடங்கிவிடுகிறது.

வேர்பிடிக்கும் நாட்கள்

கருவுற்ற ஆறேழு நாளில் கரு கர்ப்பப்பையின் உட்சுவரில் ஒட்டுகிறது. நஞ்சுக்கொடியாகப் போகும் அதன் வெளிப்புறச் செல்கள் சுவருக்குள் புகுந்து பரவுகின்றன. டெஸ்டில் கோடு காட்டும் எச்.சி.ஜி. ஹார்மோனைச் சுரப்பவையும் இவையே. கருவுற்ற மூன்றாம் வாரத்தில், இவற்றிலிருந்து விரல்விரலாகக் கிளைத்த இழைகளுக்குள் ரத்தநாளங்கள் தோன்றிவிடும்.

ஆனால் தாயின் ரத்தம் உடனே அங்கே பாய்ந்துவிடாது. அதே செல்கள் தாயின் ரத்தநாள வாய்களை அடைத்து நிற்கும். கர்ப்பத்தின் பத்துப் பன்னிரண்டு வாரம்வரை கர்ப்பப்பைச் சுரப்பிகள் தரும் சத்தில்தான் கரு பெரிதும் வளர்கிறது. அதனால் மசக்கையில் தவிப்பவளிடம் "பிள்ளைக்குச் சத்து போகலையே" என்று சொல்லிப் பயமுறுத்தாதீர்கள். தண்ணீர்கூட வயிற்றில் தங்காவிட்டால் மட்டும் தாமதிக்காமல் டாக்டரைக் கூப்பிடுங்கள்.

இச்செல்கள் தாயின் ரத்தநாளங்களை அகலப்படுத்தவும் வேண்டும். அது அரைகுறையாக நின்றால் பின்னாளில் பிரீஎக்லாம்சியா என்னும் ரத்த அழுத்தக் கோளாறு வரலாம். முன்பு அது வந்தவர்கள், சர்க்கரை நோயோ ரத்தக்கொதிப்போ உள்ளவர்கள் குறைந்த அளவு ஆஸ்பிரின் தேவையா என்று முதல் சந்திப்பிலேயே கேளுங்கள். டாக்டர் சொன்னால் 12 வாரத்துக்குப் பிறகு, 16 வாரத்துக்குள் தொடங்குவது நல்லது.

பத்தாவது வார ரத்தப் பரிசோதனை

குழந்தைக்குக் குரோமோசோம் கோளாறு இருக்கலாமா என்று அறிய, தாயின் ரத்தத்தில் மிதக்கும் டி.என்.ஏ. துணுக்குகளைப் பத்தாவது வாரத்திலிருந்து சோதிக்கும் முறையை கலிஃபோர்னியா மாநிலத் திட்டம் 2022 செப்டம்பரில் கொண்டுவந்தது. இதற்கு வழிதிறந்த ஆய்வுகளில் ஒன்று 2008-ல் பக்கத்து ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஸ்டீஃபன் க்வேக் குழுவினர் செய்தது.

பலரும் அறியாத செய்தி ஒன்று உண்டு. குழந்தையுடையது என்று நாம் நினைக்கும் அந்தத் துணுக்குகள் உண்மையில் நஞ்சுக்கொடியிலிருந்து உதிர்பவை. அரிதாகக் குழந்தை, நஞ்சுக்கொடி இரண்டின் மரபணுவும் வேறுபடும். ரிப்போர்ட்டில் 'ஹை ரிஸ்க்' என்று வந்தால், பனிக்குட நீர்ச் சோதனை போன்ற ஒன்றில் உறுதியாகும்வரை எந்த முடிவும் எடுக்காதீர்கள்.

காத்திருக்கும் வாரங்களில்

நஞ்சை வடிகட்டும் சுவர் என்று நஞ்சுக்கொடியை நம்பிவிட வேண்டாம். நிகோடினும் மதுவும் அதைத் தாண்டிக் கருவைச் சேரும். ஃபோலிக் அமிலம் தினம் 400 மைக்ரோகிராம், கருத்தரிக்கும் முன்பிருந்தே வேண்டும். வழக்கமான மாத்திரைகளையும் ஊரிலிருந்து வந்த லேகியத்தையும் பற்றி நர்ஸிடம் போனிலேயே கேளுங்கள். ரத்தக்கசிவோ கடும் வயிற்றுவலியோ வந்தால் எட்டாவது வாரத்துக்காகக் காத்திருக்காதீர்கள், அன்றே போய்க் காட்டுங்கள்.