நீர்மூழ்கிக் கப்பலும் கல்நாரும்

கல்நார் என்பது பொருத்தமான பெயர். பார்ப்பதற்குக் கல்; பிரித்தால் நார். நூலாக நூற்கலாம், துணியாக நெய்யலாம், நெருப்பிலிட்டால் எரியாது. ஆஸ்பெஸ்டாஸ் கூரையின்கீழ் வாழ்ந்தவர்களுக்கு இப்பொருள் புதிதன்று. கடலடியில் போர்புரிந்த வீரர்களின் மூச்சில் இது எவ்வாறு கலந்தது என்பதையே இன்று கூற விழைகின்றேன்.

அமெரிக்காவில், சான்பிரான்சிஸ்கோ துறைமுகத்தில், 'பம்பானிட்டோ' என்னும் நீர்மூழ்கிக் கப்பல் 1982 முதல் காட்சிக்கு நிற்கிறது. அதனுள் இறங்கியதும் நான் உணர்ந்தது இடநெருக்கடியே. நீளம் சுமார் 312 அடி. வாழ்ந்தவர்கள் ஏறத்தாழ எண்பது பேர். டார்பிடோக்களுக்கு மேலும் படுக்கைகள்!

1943 ஜூலையில் நீரில் இறக்கப்பட்ட இக்கப்பல், ஆறு முறை போர்ச்சுற்று சென்று ஆறு ஜப்பானியக் கப்பல்களை மூழ்கடித்தது. 1944 செப்டம்பர் 12 அன்று தென்சீனக் கடலில் இதுவும், 'சீலயன்' என்னும் மற்றொரு நீர்மூழ்கியும் இரு பெருங்கப்பல்களை வீழ்த்தின. அவற்றில் 2,200க்கு மேற்பட்ட பிரிட்டிஷ், ஆஸ்திரேலியப் போர்க்கைதிகள் இருந்ததைத் தாக்கியவர்கள் அறியார். மலேயாத் தமிழர் பல்லாயிரவர் மாண்ட சயாம்-பர்மா இரயில் பாதையில் உழைத்து உயிர்தப்பியவர்கள் அவர்கள். மூன்று நாட்களுக்குப்பின் அவ்வழி வந்த பம்பானிட்டோ, எண்ணெய் படிந்த அலைகளில் மிதந்த 73 பேரைக் கைதூக்கி ஏற்றிக்கொண்டது. ஏறத்தாழ எண்பது பேருக்கே போதாத இடத்தில் நூற்றைம்பது பேர் மூச்சுவிட்டனர்.

அம்மூச்சுக் காற்றைச் சற்று ஆராய்வோம். மூடிய இரும்புக் கூட்டில் தீயைப்போல் கொடிய பகை வேறில்லை. ஆகவே அக்காலக் கப்பல்களில் டீசல் எஞ்சின்களின் புகைக்குழாய்களுக்குக் கல்நாரால் போர்வையிட்டனர். இணைப்புகளின் இடைத்தகடுகளிலும், மின்கம்பி உறைகளிலும் அதனையே பயன்படுத்தினர். போர்வை பழுதின்றி இருக்கும்வரை தீங்கு குறைவு. பழுதுபார்க்க அதனை அறுக்கும்போதும், அதிர்ச்சியால் அது தேயும்போதும் கண்ணுக்குப் புலனாகாத இழைகள் பறக்கும். மூழ்கிய கப்பலில் அவை வெளியேற வழியேது?

நுரையீரலில் தைத்த இழை கரைவதில்லை. நுரையீரல் தழும்பேறி இறுகுதல், நுரையீரல் புற்று, நுரையீரலைச் சூழ்ந்த உறையில் தோன்றும் மீசோதிலியோமா என்னும் புற்று ஆகியவை இதன் விளைவுகள். அப்புற்று தலைகாட்ட இருபது முதல் ஐம்பது ஆண்டுகள் செல்லும். இருபது வயதில் எஞ்சின் அறையில் நின்ற இளைஞன், பேரப்பிள்ளைகளைக் கொஞ்சும் வயதில் நோயுறுவான்.

இது முன்னரே தெரியாதா? கல்நார்த் தூசி நுரையீரலைக் கெடுக்கும் என்று 1930-லேயே பிரிட்டனில் ஆய்வறிக்கை வெளிவந்தது. ஆயினும் 1946-இல் அமெரிக்கக் கடற்படைக் கப்பல்களுக்குக் குழாய்ப்போர்வை இட்ட 1,074 பேரைச் சோதித்த ஆய்வாளர், மூவருக்கே நோய் கண்டு, இத்தொழில் ஆபத்தற்றது என முடிவு கூறினர். அம்மூவரும் இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தவர்கள்; மற்றவருள் மிகப்பெரும்பாலோர் பத்தாண்டுகூட நிரம்பாதவர்கள்! முளைக்க நாள் கொடாமலே விதை பொய் என்றனர். 1964-இல் டாக்டர் செலிகாஃப் குழுவினர் அத்தொழிலில் நெடுநாள் உழைத்தோரை ஆராய்ந்து உண்மையை நிலைநாட்டினர்.

பழைய கப்பல்களை உடைக்கும் தொழில் நம் நாட்டில் குஜராத்தின் அலாங் கடற்கரையில் நடைபெறுகிறது. அங்கே குழாய்ப்போர்வையைப் பிரிக்கும் தொழிலாளிக்கு, அது யாதென்று முதலில் சொல்லப்படவேண்டும். அதன்பின்னரே அவன் கையில் கருவி தரப்படவேண்டும். அறியாமல் நேர்ந்ததற்குப் பம்பானிட்டோ திரும்பிவந்து கைநீட்டியது. அறிந்தபின் வாளாவிருப்பதற்கு நாம் என்ன காரணம் கூறுவோம்?