பாங்குக் கணக்கும் வீட்டுக் கணக்கும்

வரவையும் செலவையும் அன்றாடம் குறித்து வைக்கும் வழக்கம் நமது குடும்பங்களுக்குப் புதியதன்று. ஆயினும் 2016-ஆம் ஆண்டில் யு.பி.ஐ. முறை தொடங்கப்பட்ட பின்னர், காய்கறிக்கும் தேநீருக்கும்கூடப் பாங்குக் கணக்கிலிருந்தே பணம் செலுத்துவது பெருகிவிட்டது. மாத இறுதியில் சேரும் எண்ணற்ற சிறு பதிவுகளைக் கையால் பெயர்த்தெழுதுவது சலிப்பூட்டும் வேலை, பிழைக்கும் இடந்தருவது. 450 ரூபாய் என்பதை 540 என இலக்கம் மாற்றி எழுதினால் 90 ரூபாய் வேறுபடும். இத்தகைய வேறுபாடு எப்பொழுதும் ஒன்பதால் வகுபடும் என்பது கணக்கர்கள் நன்கறிந்த உண்மை.

இத்தொல்லையை நீக்க, பாங்கின் பதிவுகளைக் கோப்பாகப் பெற்று, கணினியிலுள்ள கணக்கு மென்பொருளில் நேரே சேர்க்கும் முறை பயன்படுகிறது. 1998 முதல் வழங்கிவரும் குனூகேஷ் என்பது இத்தகைய இலவச மென்பொருள்களுள் ஒன்று. வெனிஸ் நகரில் 1494-இல் வெளியான தமது நூலில் லூக்கா பச்சோலி விளக்கிய இரட்டைப் பதிவு முறையே அதற்கும் அடிப்படை. ஒரு கணக்கிலிருந்து சென்ற தொகை மற்றொரு கணக்கில் சேர்ந்தாக வேண்டும் என்பதே அம்முறையின் சாரம்.

கோப்புகள் பலவகைப்படும். சி.எஸ்.வி. என்பது காற்புள்ளிகளால் பத்திகளைப் பிரித்துக் காட்டும் எளிய கோப்பு. 1997-இல் வகுக்கப்பட்ட ஓ.எஃப்.எக்ஸ். கோப்பிலோ, ஒவ்வொரு பதிவுக்கும் தனி அடையாள எண் உண்டு. ஆகவே அதே கோப்பை மறுமுறை சேர்த்தாலும் மென்பொருள் அதை அறிந்து விலக்கிவிடும். சி.எஸ்.வி.யில் இந்தப் பாதுகாப்பு இல்லை. எனவே முன்பு எந்தத் தேதி வரை சேர்க்கப்பட்டது என்பதைக் குறித்து வைத்தல் அவசியம்.

வேறு சில இடர்களும் உள. 03/04/2024 என்பது நமக்கு ஏப்ரல் 3. அமெரிக்க முறையில் அது மார்ச் 4. 13-ஆம் தேதி முதலே பிழை வெளிப்படும். அதற்கு முந்திய நாள்கள் ஓசையின்றி இடம் மாறிவிடும். 1,25,000 என்ற தொகை மேற்கோள் குறிக்குள் அமையாவிடில், மூன்று பத்திகளாகப் பிளவுபடும். சில பாங்குகள் வரவையும் பற்றையும் தனித்தனிப் பத்திகளில் காட்டுகின்றன. சில ஒரே பத்தியில் காட்டி அருகே குறியிடுகின்றன. இதைக் கவனியாவிடில் செலவு வரவாகிவிடும்.

களப்பணியாளர் ஒருவர் தம் கைப்பணத்தில் பயணம் செய்து, பின்னர் பயணப்படி பெறுகிறார் எனக் கொள்வோம். அத்தொகையை வருமானமாகப் பதிந்தால், இல்லாத வளம் இருப்பதுபோலத் தோன்றும். அதை நம்பிக் கடன் வாங்குவோரும் உண்டு. அது வரவேண்டிய பாக்கி திரும்பி வந்ததேயாகும். அவ்வாறே ஏ.டி.எம்.மில் எடுத்த பணமும் செலவன்று. பாங்கிலிருந்து கைக்கு மாறிய இருப்பு. மென்பொருள் பழைய பதிவுகளைக் கொண்டு தலைப்பை ஊகித்துக் காட்டும். ஆயினும் முடிவு செய்ய வேண்டியவர் கணக்குக்குரியவரே.

சேர்த்தபின் சரிபார்த்தல் இன்றியமையாதது. ஆரம்ப இருப்பு 18,400 ரூபாய், வரவு 42,000, செலவு 31,650 எனில், இறுதி இருப்பு 28,750 ஆதல் வேண்டும். மென்பொருள் 27,500 எனக் காட்டினால், 1,250 ரூபாய்ச் செலவு இருமுறை சேர்ந்திருக்கலாம். 31,250 எனக் காட்டினால் வேறுபாடு 2,500; அதன் பாதியான 1,250 ரூபாய்ச் செலவு வரவாக மாறியிருக்கக்கூடும். முதலில் அத்தொகையைத் தேடுவதே சுருக்கமான வழி.

கோப்பை பாங்கின் தளத்திலிருந்து தாமே இறக்கிக்கொள்வதே நன்று. கடவுச்சொல்லைப் பிறரிடம் ஒப்படைத்தல் ஆகாது. ஆசிரியர்கள், கற்பனையான பத்துப் பதிவுகளைக் கரும்பலகையில் எழுதி, அவற்றுள் ஒன்றை வேண்டுமென்றே மாற்றி வைத்து, பிழையைக் கண்டுபிடிக்குமாறு மாணவர்களைப் பணிக்கலாம். கூட்டலும் கழித்தலும் வாழ்க்கைக்கு உதவும் விதத்தை அவர்கள் அங்கேயே உணர்வர்.