‘இங்கே சொடுக்கவும்’: பார்வையற்ற மாணவருக்கு ஒரு பல்கலைக்கழக இணையதளம் எப்படிக் கேட்கிறது?

எங்கள் தெருவில், பழைய வண்ணாரப்பேட்டையில், ஒரு தம்பி இருக்கிறான். பிறவியிலேயே பார்வை இல்லை. தொலைநிலைக் கல்வியில் எம்.ஏ. படிக்கிறான். கொஞ்ச நாள் முன்னால் ராத்திரி ஒன்பதரை மணிக்கு அவனுடைய அக்கா வந்து கதவைத் தட்டினார்.

"அண்ணே, இவன் அசைன்மென்ட் ஏத்தணுமாம், இன்னிக்கு ராத்திரியோட முடியுதாம். நான் எழுத்தைப் பார்த்துப் பார்த்துச் சொல்றேன், தப்பு தப்புங்குது. ஒரு நிமிஷம் வந்து பாருங்களேன்."

ரெண்டு நிமிஷ வேலை என்று நினைத்துத்தான் போனேன். நாற்பது நிமிஷம் ஆனது. இத்தனைக்கும் அசைன்மென்ட் தயார். பன்னிரண்டு பக்கம், மடிக்கணினியில் அவனே தட்டச்சு செய்தது. மாட்டிக்கொண்டது வேறு இரண்டு இடங்களில். முதலாவது, உள்ளே நுழையும்போது வரும் கேப்ட்சா, அதாவது கோணல்மாணலான எழுத்துகளைப் பார்த்துத் தட்டச்சு செய்யச் சொல்லும் பெட்டி. இரண்டாவது, கோப்பை ஏற்றும் பட்டன். அது எங்கள் கண்ணுக்கு பட்டனாகத் தெரிந்தது. அவனுடைய கணினிக்கு அங்கே ஒன்றுமே இல்லை.

வேலை முடிந்து கிளம்பும்போது அவன் சொன்னான்: "பாடம் கஷ்டம் இல்லண்ணே. பாடத்துக்குள்ள போறதுதான் கஷ்டம். அக்கா இல்லைன்னா நான் ஃபெயில்."

இந்தப் பதிவு அந்த நாற்பது நிமிஷத்தில் ஆரம்பித்த தேடலின் குறிப்புகள். எந்தப் பல்கலைக்கழகம் என்று சொல்லப்போவதில்லை. சொல்லவும் தேவையில்லை, நான் எட்டிப்பார்த்த மற்ற தளங்களிலும் கிட்டத்தட்ட இதே கதைதான்.

முதலில் அவன் கணினியை எப்படிப் பயன்படுத்துகிறான் என்று பார்ப்போம். அவனிடம் இருப்பது என்விடிஏ என்ற திரைவாசிப்பான். மைக்கேல் கரன், ஜேம்ஸ் டே என்ற இரண்டு ஆஸ்திரேலியர்கள் 2006ல் தொடங்கிய இலவச மென்பொருள். இருவருமே பார்வையற்றவர்கள். அதற்கு முன்பு இருந்த நல்ல திரைவாசிப்பான்களின் விலை கணினியின் விலையைவிட அதிகம். என்விடிஏவுடன் வரும் ஈஸ்பீக் குரலுக்குத் தமிழும் தெரியும். கொஞ்சம் இயந்திரத்தனமாகத்தான் இருக்கும். ஆனால் அவன் அதை ஓட்டும் வேகத்தில் எனக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை, அவனுக்கு எல்லாம் புரிகிறது.

இங்கே பலரும் தவறாக நினைக்கும் விஷயம் ஒன்று உண்டு. திரைவாசிப்பான் திரையைப் ‘பார்ப்பதில்லை’. படத்துக்குப் பின்னால் இருக்கும் எச்டிஎம்எல் கட்டமைப்பைத்தான் படிக்கிறது. இது தலைப்பு, இது இணைப்பு, இது பட்டன், இது பெயர் எழுதும் கட்டம் என்று நிரலில் சொல்லியிருந்தால் அதுவும் சொல்லும். நிரலில் இல்லையென்றால் அதற்கும் இல்லை.

அந்த பட்டன் விவகாரம் இதுதான். எச்டிஎம்எல்லில் பட்டனுக்கென்றே ஒரு குறிச்சொல் உண்டு. அதைப் போட்டிருந்தால் விசைப்பலகையின் டேப் விசையை அழுத்தும்போது அங்கே போய் நிற்கும், திரைவாசிப்பான் "பட்டன்" என்று அறிவிக்கும், என்டர் தட்டினால் வேலை செய்யும். எல்லாம் சும்மா கிடைப்பது. அந்தத் தளத்தைக் கட்டியவர் ஒரு வெறும் பெட்டிக்கு நீல வண்ணம் பூசி, மூலையை வளைத்து, மவுஸ் சொடுக்கினால் மட்டும் வேலை செய்யும்படி வைத்திருந்தார். பார்க்க பட்டன். தொட்டால் சுவர்.

நீங்களே ஒரு சோதனை செய்து பாருங்கள். மவுஸை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, டேப், என்டர் விசைகளை மட்டும் வைத்து உங்கள் கல்லூரித் தளத்தில் நுழைந்து ஒரு பாடத்தைத் திறந்து பாருங்கள். எங்கே மாட்டுகிறீர்களோ அங்கேதான் அவனும் மாட்டுகிறான். கை நடுக்கம் உள்ளவர்களும், மவுஸ் பிடிக்க முடியாதவர்களும் அதே இடத்தில்தான் நிற்கிறார்கள்.

அடுத்தது இணைப்புகள். பார்வையுள்ள நாம் ஒரு பக்கத்தை மேலோட்டமாக நோட்டம் விடுகிறோம் இல்லையா, அவர்களும் அதைச் செய்வார்கள், காதால். என்விடிஏவில் ஒரு குறுக்குவிசையை அழுத்தினால் பக்கத்தில் உள்ள எல்லா இணைப்புகளும் ஒரு பட்டியலாக வரும். அவன் பாடப்பக்கத்தில் அதை அழுத்திக் காட்டினான். இங்கே சொடுக்கவும். இங்கே சொடுக்கவும். இங்கே சொடுக்கவும். இருபத்தாறு தடவை. எது முதல் அலகு, எது வினாத்தாள், எது கட்டணம் கட்டும் இடம்? ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து மனப்பாடம் செய்து வைத்திருக்கிறான். "மேலருந்து ஒன்பதாவது சொடுக்கு ஹால்டிக்கெட்." தளத்தில் யாராவது ஒரு புதிய அறிவிப்பைச் சேர்த்தால் ஒன்பது பத்தாகிவிடும்.

இவ்வளவும் சின்னத் திருத்தங்கள். ஒரு நல்ல ஆள் ஒரு வாரம் உட்கார்ந்தால் முடியும். பாடங்கள்தான் பெரிய பிரச்சினை.

அவனுடைய பாடநூல்கள் பிடிஎஃப்பாக உள்ளன. பாதி, அச்சிட்ட புத்தகத்தை ஸ்கேன் செய்தது. அதாவது பக்கத்தின் புகைப்படம். திறந்தால் திரைவாசிப்பான் ஆவணம் காலியாக இருப்பதாகச் சொல்கிறது. நூற்றைம்பது பக்கம், காலி.

மீதிப் பாதி இன்னும் வேடிக்கை. அவற்றில் எழுத்து இருக்கிறது, ஆனால் தமிழ் இல்லை. யூனிகோடுக்கு முந்தைய காலத்தில் பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்தவர்களுக்கு இது உடனே புரியும். அவற்றில் ஆங்கில எழுத்துக்கான இடத்தில் தமிழ் எழுத்தின் உருவம் இருக்கும், அவ்வளவுதான். ‘அம்மா’ என்று நம் கண்ணுக்குத் தெரியும், உள்ளே சேமிக்கப்பட்டிருப்பதோ எம், கே, அரைப்புள்ளி, கே, எச். திரைவாசிப்பான் உள்ளே இருப்பதைத்தானே படிக்கும்? ஒரு முழு இலக்கண நூலையும் அப்படிப் படித்துக் காட்டியது. இரண்டு வரி கேட்டேன், சிரிப்பு வந்தது. அவன் சிரிக்கவில்லை.

இது தமிழுக்கே உரிய சிக்கல் என்பதால் கொஞ்சம் நின்று பார்க்கலாம். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டில் தமிழ்99 விசைப்பலகையும், டாம், டாப் என்ற குறியேற்றங்களும் முன்வைக்கப்பட்டன. ஆளுக்கொரு எழுத்துரு என்ற குழப்பத்துக்கு அது அன்றைய தீர்வு. அந்த மாநாட்டையொட்டிப் பிறந்த யோசனைதான் தமிழ் இணையப் பல்கலைக்கழகம், 2001ல் வந்தது, இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம். இணையத்தில் தமிழ்ப் பாடம் நடத்துவது என்பதை நம் ஆட்கள் அவ்வளவு சீக்கிரமே யோசித்திருக்கிறார்கள், அதில் எனக்குப் பெருமைதான். தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்று ஆணையிட்டது 2010ல். ஆனால் ஆணை புதிய கோப்புகளுக்குத்தான் வழி காட்டும். பழைய எழுத்துருவில் அச்சுக்குப் போன பாடநூல் கோப்புகள் தாமாக மாறாது, யாராவது உட்கார்ந்து மாற்ற வேண்டும். மாற்றும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஸ்கேன் பக்கங்களை எழுத்தாக்கும் ஓசிஆர் தமிழுக்கும் இப்போது பரவாயில்லை. தேவை, மெய்ப்புப் பார்க்க ஆளும் அதற்கு ஒரு சம்பளமும்.

யூனிகோடில் இருந்தாலும் இன்னொரு பொடி விஷயம். பக்கத்தின் மொழி எது என்று எச்டிஎம்எல்லின் முதல் வரியில் குறிக்க வேண்டும். தமிழ்ப் பக்கத்தில் ‘ஆங்கிலம்’ என்று போட்டிருந்தால் திரைவாசிப்பான் ஆங்கிலக் குரலை எடுத்துக்கொண்டு தடுமாறும். மாற்ற வேண்டியது இரண்டே எழுத்து.

காணொளி வகுப்புகளுக்கு வருவோம். இங்கே காது கேளாத மாணவர்களும் சேர்ந்துகொள்கிறார்கள். வசன வரிகள் இல்லாத காணொளி அவர்களுக்கு வாயசைப்பு மட்டும்தான். தானியங்கி வரிகள் இருக்கிறதே என்பீர்கள். நம் பேராசிரியர்கள் பேசுவது தமிழும் ஆங்கிலமும் கலந்த மொழி; கலைச்சொல் வரும் இடத்தில்தான் இயந்திரம் சரியாகக் கோட்டை விடும். மனிதர் ஒருவர் திருத்தியே ஆக வேண்டும்.

பார்வையற்றவருக்கு வேறு தொல்லை. "இத இங்க கொண்டுவந்தா, இது போயிடும், அப்ப இது வரும்" என்று கரும்பலகையைக் காட்டிச் சொல்வது. எது போனது, எது வந்தது? எழுதுவதை வாயாலும் சொன்னால் போதும், பைசா செலவில்லை. வண்டி ஓட்டிக்கொண்டே பாடம் கேட்பவருக்கும் அது உதவும். (வண்டி ஓட்டும்போது கேட்காதீர்கள், அது வேறு.)

சரி, சட்டம் என்ன சொல்கிறது? மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016. நடைமுறைக்கு வந்தது 2017 ஏப்ரலில். அரசு உயர்கல்வி நிறுவனங்களில் குறைந்தது 5 சதவீத இடம் ஒதுக்கச் சொல்வதும், மின்னணு உள்ளடக்கம் அணுகத்தக்கதாக இருக்க வேண்டும் என்பதும் இந்தச் சட்டம்தான். அதன் கீழ் 2017 ஜூனில் வந்த விதிகளில் 15ஆவது விதியைப் படித்தபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இணையதளத்தில் போடும் ஆவணங்கள் இபப் வடிவிலோ, ஓசிஆர் செய்த பிடிஎஃப்பாகவோ இருக்க வேண்டும் என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. அவன் பாடநூல் பிரச்சினை 2017லேயே சட்டப் புத்தகத்தில் இருக்கிறது!

பிறகு ஒரு திருப்பம். 2024 நவம்பர் 8 அன்று, ராஜீவ் ரதூரி வழக்கில், உச்ச நீதிமன்றம் அந்த 15(1) விதியே சட்டத்துக்கு முரணானது என்றது. கேட்டதும் திக்கென்றது, ஆனால் காரணம் நல்ல காரணம். சட்டம் ‘கட்டாயம்’ என்கிறது. விதியோ பல வழிகாட்டுதல்களைக் காட்டி, அவற்றைச் செய்தால் நல்லது என்கிற பாவனையில் நிற்கிறது. மீற முடியாத குறைந்தபட்சத் தரங்களைத் தனியாகப் பிரித்து மூன்று மாதத்தில் விதியாக்குங்கள் என்று மத்திய அரசுக்கு உத்தரவிட்டது.

அதற்கு அடுத்து, 2025 ஏப்ரல் 30 அன்று, பிரக்யா பிரசூன் வழக்கு. வங்கிக் கணக்குக்கு ஆளை உறுதிசெய்யும் மின்வழி முறையில் கேமராவைப் பார்த்துக் கண் சிமிட்டச் சொல்கிறார்கள். அமில வீச்சில் கண்ணையும் முகத்தையும் இழந்தவர் எப்படிச் சிமிட்டுவார்? டிஜிட்டல் அணுகல் என்பது அரசியலமைப்பின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று நீதிமன்றம் சொன்னது. இது வங்கி வழக்குதான். ஆனால் வீட்டிலிருந்து எழுதும் இணையத் தேர்வுகளில், பார்வை திரையிலிருந்து விலகினால் காப்பியடிப்பதாகச் சந்தேகப்படும் கண்காணிப்பு மென்பொருள்கள் இருக்கின்றனவே, அவற்றுக்கு இது பொருந்தாதா? என் தம்பியின் கண் எந்தப் பக்கம் இருக்கும் என்று அவனுக்கே தெரியாது.

தேர்வு நேரமும் அப்படித்தான். 2018ல் மத்திய அரசு வெளியிட்ட எழுத்துத் தேர்வு வழிகாட்டுதல், 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு உள்ளவர்களுக்கு மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம் தந்தது. தேர்வு மண்டபத்தில் அது கிடைக்கிறது. இணையதளத்தின் அரைமணி நேர வினாடி வினாவில் கடிகாரம் எல்லோருக்கும் ஒரே மாதிரி ஓடி, தானே மூடிக்கொள்கிறது. பல கல்லூரிகள் பயன்படுத்தும் மூடில் மென்பொருளில் ஒரு மாணவருக்கு மட்டும் நேரத்தைக் கூட்டும் வசதி ஏற்கெனவே இருக்கிறது. யாராவது போய் அமைத்தால் போதும்.

சட்டத்தை இறுக்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லமாட்டேன். கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகக் கதை ஞாபகம் வருகிறது. இலவசமாக வைத்திருந்த அதன் வகுப்புக் காணொளிகள் காது கேளாதோருக்கு அணுகத்தக்கதாக இல்லை என்று 2016ல் அமெரிக்க நீதித்துறை சொன்னது. 2017ல் பல்கலைக்கழகம் என்ன செய்தது தெரியுமா? 20,000க்கும் மேற்பட்ட பதிவுகளைப் பொதுப் பார்வையிலிருந்து எடுத்துவிட்டது. யாருக்கும் இல்லை என்றால் எல்லோரும் சமம்! ஊனமுற்றோரால்தான் எல்லோருக்கும் போச்சு என்று அப்போது பலர் எழுதினார்கள். வசன வரி போடாதவரை விட்டுவிட்டு, அதைக் கேட்டவரைத் திட்டினார்கள். ஆனால் கதை அங்கே முடியவில்லை. 2022ல் அதே பல்கலைக்கழகம் நீதித்துறையோடு ஒப்பந்தம் செய்து, உள்ளடக்கத்தை அணுகத்தக்கதாக்க ஒத்துக்கொண்டது. ஹார்வர்டும் 2019ல், எம்ஐடி 2020ல், காது கேளாதோர் சங்கம் தொடுத்த வழக்குகளில் வசன வரி போடச் சம்மதித்தன.

எங்கள் பகுதிக்கு மெட்ரோ 2019 பிப்ரவரியில் வந்தது, 2021ல் விம்கோ நகர் வரை நீண்டது. நிலையத்துக்குள் லிஃப்ட் உண்டு, காலால் தடவி நடக்கப் புடைப்பு ஓடுகள் உண்டு. தம்பி உள்ளே தனியாகவே போய்வருவான். எம்.சி. ரோடு துணிக்கடைக் கூட்டத்தையும், நடைபாதையில் நிற்கும் பைக்குகளையும் தாண்டி நிலைய வாசல் வரை போகத்தான் அக்கா வேண்டும். அவன் பல்கலைக்கழகத் தளத்தின் முகப்பிலும் எழுத்தைப் பெரிதாக்க, நிறம் மாற்ற மூன்று அழகான பட்டன்கள் இருக்கின்றன.

நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினோம். கோபமாக எழுதவில்லை. எந்தப் பக்கம், எந்த பட்டன், திரைவாசிப்பான் என்ன சொல்கிறது, என்ன சொல்ல வேண்டும் என்று வரிசையாக, இரண்டு பக்கம். மூன்று வாரத்துக்குப் பிறகு ஒரு நாள் தம்பி போன் செய்தான். "அண்ணே, பட்டன் இப்ப பட்டன்னு சொல்லுதுண்ணே." கேப்ட்சாவுக்கும் ஒலி வடிவம் வந்திருந்தது. இரைச்சலுக்கு நடுவே யாரோ ஆங்கிலத்தில் எண்களைச் சொல்கிறார்கள், நான்கில் ஒரு தடவை அவனுக்குப் பிடிபடுகிறது. அக்காவிடம் பாஸ்வேர்டு சொல்ல வேண்டியதில்லை என்பதே அவனுக்குப் பெரிய விஷயமாக இருக்கிறது.

பாடநூல்கள் பற்றிப் பதில் இல்லை. இப்போது அவனே போனில் பக்கம் பக்கமாக ஓசிஆர் செய்துகொண்டிருக்கிறான். பதினான்கு அலகில் ஐந்து முடிந்திருக்கிறது. மெய்ப்பு நான் பார்க்கிறேன். தேர்வு டிசம்பரில்.