48 வோல்ட் மயக்கம்

மலிவான மைக்கைத் தேடுபவர்கள் முதலில் தங்கள் அறையைக் காதுகொடுத்துக் கேட்பது நல்லது.

1902 நவம்பரில் கல்கத்தா ஹோட்டல் அறை ஒன்றில் கௌஹர் ஜான் பாடியபோது அவர் முன்னால் மைக் இல்லை. பெரிய புனல் ஒன்றைப் பார்த்துக் குரலை உயர்த்திப் பாட வேண்டியிருந்தது. மைக் வைத்துப் பதிவுசெய்யும் முறை 1925இல்தான் வந்தது. இன்று பிரச்சினை நேரெதிர். மும்பை லாமிங்டன் சாலைக் கடைகளிலும் ஆன்லைனிலும் ஆயிரம் ரூபாயில் தொடங்கி லட்சத்தைத் தாண்டும் மைக்குகள் குவிந்து கிடக்கின்றன. இசையமைப்பாளருக்கு டெமோ அனுப்பும் இளைஞருக்கும் யூடியூபில் கஜல் பாடும் வங்கி ஊழியருக்கும் தவறான தேர்வு என்பது ஒரு மாதச் சேமிப்பு.

பெரும்பாலோருக்குக் கிடைக்கும் யோசனை ‘கண்டென்சர்’. ஸ்டுடியோக்களில் இருப்பது அதுதானே! அதன் மெல்லிய சவ்வு மூச்சுக்காற்றைக்கூட விடாது. இயங்க 48 வோல்ட் மின்சாரம் வேண்டும். மேடைக் கச்சேரிகளில் கையில் பிடிக்கும் டைனமிக் மைக்குக்கு மின்சாரம் தேவையில்லை. காந்தத்துக்கு நடுவே ஒரு கம்பிச்சுருள் அசைவதுதான் அதன் சூட்சுமம். கொஞ்சம் முரட்டு ஆசாமி.

ஆடியோ டெக்னிகா ஏடி2020 என்ற கண்டென்சரும், 1966இலிருந்து விற்பனையில் உள்ள ஷ்யூர் எஸ்எம்58 என்ற டைனமிக்கும் விலையில் அதிகம் விலகியவை அல்ல. முன்னது 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ்வரை பிடிக்கும். பின்னது 50 முதல் 15,000 வரைதான். காகிதத்தில் போட்டியே இல்லை. ஆனால் காகிதத்தில் மின்விசிறி ஓடுவதில்லை, பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலடிப்பதில்லை. மொசைக் தரையும் சிமெண்டுச் சுவர்களுமாக உள்ள நம் வீடுகளில் குரல் எதிரொலித்துத் திரும்புகிறது. ஒரு முறை பாட்டோடு பதிவாகிவிட்ட எதிரொலியைக் குரலுக்குச் சேதமின்றி நீக்குவது இன்றைய மென்பொருளுக்கும் எளிதல்ல.

இதற்கு எளிய கணக்கு உண்டு. மைக்குக்கும் வாய்க்குமான தூரத்தைப் பாதியாக்கினால் குரல் 6 டெசிபல் கூடும். விசிறிச் சத்தம் அப்படியே இருக்கும். மூன்று அங்குலத்தில் பாடினாலும் தாங்குவதற்கென்றே செய்யப்பட்டது மேடை மைக். மைக்கேல் ஜாக்சனின் ‘த்ரில்லர்’ (1982) ஆல்பத்தில் அவரது குரலைப் பதிவுசெய்ய ஷ்யூர் எஸ்எம்7 என்ற டைனமிக் மைக் பயன்பட்டது என்பது கண்டென்சர் பக்தர்கள் யோசிக்க வேண்டிய விஷயம்.

ஆனால் கயால் பாடுபவருக்கு இந்த யோசனை பொருந்தாது. ஆலாப்பின்போது தலையும் கையும் சும்மா இருப்பதில்லை. இத்தகைய மைக்குகள் நெருக்கத்தில் அடிக்குரலை மிகைப்படுத்தும். நான்கு அங்குலம் விலகினாலே மந்திர ஸ்தாயியின் கனம் கரைந்துவிடும். அவருக்கு ஒரு அடி தள்ளி வைத்த கண்டென்சர்தான் சரி. அறை அமைதியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஹார்மோனியத்தைக் கூடவே வாசிக்காமல் தனியாகப் பதிவுசெய்வது இன்னும் நல்லது.

இரண்டு வகையிலும் கார்டியாய்டு மைக்கே வாங்க வேண்டும். அது முன்னால் வருவதைக் கேட்கும், முதுகுப்பக்கத்தைப் பெரும்பாலும் கண்டுகொள்ளாது. எனவே ஜன்னலுக்கு அதன் முதுகைக் காட்டலாம். பாடுபவருக்குப் பின்னால் உள்ள சுவர்தான் மைக்கின் கண்ணில் நேராகப் படுவது. அங்கே ஒரு கனமான ரஜாயைத் தொங்கவிட்டால் செலவில்லாமல் பாதி வேலை முடியும்.

விலைச்சீட்டில் சேராத செலவுகளும் உண்டு. கம்ப்யூட்டருடன் இணைக்க ஆடியோ இன்டர்ஃபேஸ், கேபிள், ஸ்டாண்டு, ‘ப’, ‘ப்ப’ வெடிக்காமலிருக்க பாப் ஃபில்ட்டர். எஸ்எம்58இன் சமிக்ஞை ஏடி2020இன் ஏழில் ஒரு பங்கைவிடக் குறைவு என்பதால் இன்டர்ஃபேஸ் இரைச்சலின்றி அதைப் பெருக்கித் தர வேண்டும். இவ்வளவுக்கும் பணம் இல்லாதவர்கள் யுஎஸ்பி மைக்கோடு தொடங்கலாம். ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் ‘ஸ்டுடியோ கண்டென்சர்’களை மட்டும் தவிர்க்கலாம், பலவற்றில் பெரிய கூண்டுக்குள் சட்டைப் பொத்தான் அளவில்தான் சவ்வு இருக்கிறது.

எஸ்எம்58க்குப் போலிகளும் தாராளம். நம்ப முடியாத தள்ளுபடியில் கிடைத்தால் சமையலறைத் தராசில் வைத்துப் பார்க்கலாம்: அசல் ஏறத்தாழ 298 கிராம். கண்டென்சர் வாங்கிய மும்பை, கொல்கத்தாக்காரர்கள் மழைக்காலத்தில் அதை சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வைக்க வேண்டும். ஈரம் ஏறிய சவ்வு, பாட்டுக்கு நடுவே பொரியத் தொடங்கிவிடும்.