உங்களுக்குத் தெரியுமா? 25 அடிப் பனிக்கடியில் உயிர்

2016 பெப்ரவரி 3ஆம் திகதி இமயத்தின் சியாச்சின் பனியாற்றில் சரிந்த பனி, இந்திய இராணுவத்தின் மதராஸ் ரெஜிமென்டைச் சேர்ந்த பத்து வீரர்களை மூடியது. ஆறாம் நாள், ஏறத்தாழ 25 அடி ஆழத்திலிருந்து லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா உயிரோடு எடுக்கப்பட்டார்! ஆனால் 11ஆம் திகதி டில்லி மருத்துவமனையில் இறந்துபோனார்.

பனிக்குள் நாட்கணக்கில் தாக்குப்பிடிக்கலாம் என்று இதை வைத்து எண்ணுவது பிழை. அவரைக் காத்தது கூடாரத்துக்குள் அடைபட்டிருந்த காற்று. மற்ற ஒன்பது பேரும் பிழைக்கவில்லை. பனியில் புதைந்தவரைப் பெரும்பாலும் கொல்வது குளிரல்ல, மூச்சுத்திணறல். கால் மணிக்குள் தோண்டியெடுத்தால் பலர் பிழைப்பர். அரை மணி கடந்தால் சிலரே. புதைந்தவரின் இடத்தைக் காட்டும் சமிக்ஞைக் கருவி இருக்கிறதே என்பீர்கள். உண்மைதான், ஆனால் தேடும் கருவியும் மண்வெட்டியுமாகத் துணையாள் அருகிலேயே நிற்கவேண்டும். ஹெலிகொப்டர் வரும்வரை அந்தக் கால் மணி காத்திருக்காது. கொழும்பிலிருந்து இமயத்துக்கு மலையேறப் போகிறவர் கருவிக்கு முன்னர் பார்க்கவேண்டியது சரிவைத்தான். 30 முதல் 45 பாகை வரையான சாய்வு, அதன்மேல் புதிதாய் விழுந்த பனி, அதைக் காற்று அள்ளிக் குவித்த இடம் மூன்றும் சேர்ந்தால் பனி சரிய ஒரு மனிதனின் எடையே போதும். உயிரிழப்பில் முடியும் பனிச்சரிவுகளில் பெரும்பாலானவற்றை அசைத்துவிடுவது சிக்கியவரோ அவரது கூட்டாளியோதான்.