பூட்டு உடையாமல் போகும் கேமரா

முகூர்த்தம் நெருங்கும் நேரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் மேடையைக் கவனியுங்கள். புகைப்படக்காரரின் தோளில் ஒரு கேமரா, கையில் இன்னொன்று. மற்ற லென்ஸ்களும் ஃபிளாஷும் பேட்டரிகளும் உள்ள பை மேடைப் படியோரம், சீர்வரிசைத் தட்டுகளை ஒட்டி, ஜிப் பாதி திறந்தபடி கிடக்கும். கெட்டிமேளம் முழங்கும் அந்த நிமிடங்களில் அவர் கண் தாலியை விட்டு விலகாது, விலகவும் கூடாது. பந்திக்குப் போகும் கூட்டத்தோடு கூட்டமாக யாராவது அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு வெளியேறினால் எந்தப் பூட்டும் உடைவதில்லை, எந்த ஜன்னலும் பெயர்வதில்லை. சில லட்ச ரூபாய் சத்தமில்லாமல் போய்விடும். கேமராவுக்குக் காப்பீடு எடுக்கப் போகிறவர், பிரீமியம் எவ்வளவு என்று விசாரிப்பதற்கு முன்பே இந்தக் காட்சியைப் பாலிசிப் பத்திரத்தோடு வைத்துப் பார்க்க வேண்டும். கேமரா நம் கையை விட்டுப் போகும் விதம் ஒன்றாகவும், பாலிசி பொறுப்பேற்கும் விதம் வேறாகவும் இருந்தால், கட்டிய பிரீமியம் வீண்.

ஸ்டூடியோ வைத்திருப்பவர்கள் தீ விபத்துக்கும் களவுக்கும் சேர்த்து ஒரு பாலிசி எடுத்துவிட்டு நிம்மதியாக இருப்பதுண்டு. அந்தக் களவுக் காப்பீட்டின் விதியைப் படித்தால், பலாத்காரமாக உள்ளே நுழைந்தோ வெளியேறியோ நடந்த திருட்டுக்கு மட்டுமே அது பொருந்தும் என்று இருக்கும். ஹர்சந்த் ராய் சந்தன் லால் வழக்கில் 2004-இல் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. சரக்கு திருடு போனது உண்மைதான், ஆனால் பலப்பிரயோகம் நடந்ததற்கு அடையாளம் இல்லை என்பதால் தீர்ப்பு காப்பீட்டு நிறுவனத்தின் பக்கம் போனது. ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதை நீதிமன்றம் மாற்றி எழுத முடியாது என்ற நீதிபதிகள், இவ்வளவு கடுமையான வரையறை சாமானியருக்குச் சங்கடம் தருகிறது, இதைத் திருத்த வேண்டும் என்றும் சொன்னார்கள். வீட்டுக் காப்பீட்டிலும் இதே கவனம் தேவை. 2021 ஏப்ரல் 1 முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் விற்கிற ‘பாரத் கிருஹ ரக்‌ஷா’ தீ, வெள்ளம், புயல் போன்றவற்றுக்கு நல்ல பாலிசி. திருட்டைப் பொறுத்தவரை, அப்படிப்பட்ட ஒரு விபத்து நேர்ந்து, அதன் காரணமாக ஏழு நாட்களுக்குள் நடந்த திருட்டுக்கே அது பணம் தரும். வெள்ளம் வந்து வீட்டைப் பூட்டாமல் ஓடிய சமயத்தில் கேமரா போனால் கேட்கலாம்; சாதாரணச் செவ்வாய்க்கிழமையில் போனால் முடியாது.

ஊர் ஊராகக் கேமராவைச் சுமக்கிறவருக்குப் பொருத்தமானது ‘ஆல் ரிஸ்க்’ என்று வழங்கப்படும் பாலிசி. எந்தெந்த ஆபத்துக்குப் பணம் உண்டு என்று பட்டியல் போடாமல், எதற்கெல்லாம் இல்லை என்று மட்டும் பட்டியல் போட்டு, மீதி எல்லாவற்றுக்கும் பொறுப்பேற்பது இதன் முறை. கை நழுவி விழுந்தது, மழையில் நனைந்தது, மண்டபத்தில் திருடு போனது எல்லாம் இதற்குள் வரக்கூடும். ஆகவே படிக்க வேண்டியது விலக்குப் பட்டியலைத்தான். ஆளில்லாத வண்டியில் விட்டுச் சென்ற பொருளுக்கு நிபந்தனை இருக்கும்; கார் பூட்டியிருக்க வேண்டும், பொருள் வெளியே தெரியாமல் டிக்கியில் இருக்க வேண்டும், உடைத்த தடயம் வேண்டும். எங்கே, எப்போது போனது என்றே சொல்ல முடியாத இழப்பைச் சில நிறுவனங்கள் ஏற்பதில்லை. மெமரி கார்டின் விலையைத் தந்தாலும், அதில் இருந்த கல்யாணத்தைத் தரமாட்டார்கள். தேய்மானமும் தானாக வந்த பழுதும் விலக்குதான். சென்னையின் ஈரக்காற்றில் சில மாதம் பையிலேயே கிடந்த லென்ஸை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், கண்ணாடியின் உட்புறத்தில் சிலந்தி இழை போலப் பூஞ்சை கிளை விட்டிருக்கும். அது நாள்பட வளர்ந்த சேதம் என்பதால் எந்தப் பாலிசியிலும் அதற்குப் பணம் எதிர்பார்க்க முடியாது. சிலிக்கா ஜெல் பொட்டலமும் டிரை கேபினட்டும்தான் கைகொடுக்கும்.

இவற்றையெல்லாம் விட அதிகம் பேரைக் கவிழ்க்கக்கூடிய விலக்கு ஒன்று உண்டு: நாமே நம்பிக் கொடுத்தவர் ஏமாற்றுவது. சீசன் இல்லாத ஆடியிலும் மார்கழியிலும் கேமராவை வாடகைக்கு விட்டு நாலு காசு பார்ப்பது தொழிலில் வழக்கம். ஆதார் நகலையும் அட்வான்ஸையும் கொடுத்துவிட்டு வாங்கிப் போனவர் போனை அணைத்துவிட்டால், உரிமையாளர் அதைத் திருட்டு என்றுதான் நினைப்பார். சட்டம் அப்படி நினைப்பதில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் திருட்டு 303-ஆம் பிரிவு, நம்பிக்கை மோசடி 316, ஏமாற்றுதல் 318. பொருளை நம் சம்மதத்தோடு கொண்டுபோனதால், காவல் நிலையத்தில் வழக்கு பின்னிரண்டில் ஒன்றாகப் பதிவாகும். திருட்டுக்கு மட்டும் பொறுப்பேற்ற நிறுவனம் அந்த முதல் தகவல் அறிக்கையையே காட்டி மறுக்கும். வாடகைக்கு விடும் எண்ணம் இருந்தால் அதைப் படிவத்திலேயே சொல்லி, அதற்கும் பொறுப்பேற்பார்களா என்று எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். சொந்த உபயோகம் என்று எழுதிவிட்டுத் தொழிலுக்குப் பயன்படுத்துவதும் இதே மாதிரியான ஆபத்துதான்.

அடுத்தது மதிப்பு. பிரீமியத்தைக் குறைக்கக் கருவிகளின் மதிப்பைக் குறைத்துச் சொல்கிறவர்கள், பாதிப் பணமாவது வருமே என்று கணக்குப் போடுகிறார்கள். ஆறு லட்ச ரூபாய்க் கருவிகளை மூன்று லட்சத்துக்குக் காப்பீடு செய்திருக்கும்போது ஒரு லட்ச ரூபாய் லென்ஸ் ஒன்று மட்டும் உடைந்தால், விகிதாச்சார விதிப்படி கைக்கு வருவது ஐம்பதாயிரம். அதிலும் தேய்மானம் கழியும், நாமே ஏற்க வேண்டிய தொகை கழியும். புதுப்பொருள் விலையைத் தருகிற பாலிசியா, பழைய பொருளின் சந்தை மதிப்பைத் தருகிற பாலிசியா என்பதை வாங்கும்போதே கேட்க வேண்டும். பில் இல்லாமல் வாங்கிய கேமராவுக்கும், கைமாறி வந்த லென்ஸுக்கும் உரிமையை நிரூபிப்பது கடினம். விற்றவரிடம் எழுதி வாங்கிய ரசீது, பணம் அனுப்பிய வங்கிப் பதிவு, சீரியல் எண் தெரியும்படி எடுத்த படம் ஆகியவை உதவும். பல கேமராக்கள் தாம் எடுக்கும் ஒவ்வொரு படக்கோப்புக்குள்ளும் தமது சீரியல் எண்ணைப் பதித்து வைக்கின்றன. தொலைந்த கேமரா உங்களுடையதுதான் என்பதற்கு உங்கள் பழைய படங்களே சாட்சி.

இவ்வளவு நிபந்தனை இருக்கும்போது, அந்தப் பிரீமியத்தை நாமே சேர்த்து வைத்துக்கொள்ளலாமே என்று கேட்பவர்கள் உண்டு. பொழுதுபோக்காகப் படம் எடுப்பவரின் ஐம்பதாயிரம் ரூபாய்க் கேமராவுக்கு அவர்கள் சொல்வது சரி; அதன் இழப்பு வலிக்கும், வாழ்க்கையைப் புரட்டாது. தொழில்காரரின் கணக்கு வேறு. ஆறு லட்சத்துக்கு ஆண்டு பிரீமியம் பன்னிரண்டாயிரம் என்று வைத்துக்கொண்டால், அதை உண்டியலில் போட்டு ஆறு லட்சமாக்க ஐம்பது ஆண்டுகள் வேண்டும். பை இரண்டாவது ஆண்டிலேயே போனால் கையில் இருபத்து நாலாயிரம்தான் இருக்கும். தவணை பாக்கி, தை மாத முகூர்த்தங்களுக்கு வாங்கிய அட்வான்ஸ் இரண்டும் அப்படியே நிற்கும். போகிற வழியில் தொலைந்தால் ரயில்வேயோ விமான நிறுவனமோ ஈடு செய்யும் என்ற எண்ணமும் நிற்காது. ரயில்வே சட்டம், 1989-இன் 100-ஆம் பிரிவின்படி, பயணி தானே வைத்திருக்கும் மூட்டைக்கு ரயில்வேயின் கவனக்குறைவை நிரூபித்தால்தான் அது பொறுப்பாகும். சர்வதேச விமானங்களில் மான்ட்ரியல் உடன்படிக்கையின் உச்சவரம்பு, 2024 டிசம்பர் 28 முதல், பயணி ஒருவருக்கு 1,519 எஸ்.டி.ஆர். (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு). இது ஒரு நல்ல லென்ஸின் விலைக்கு வந்தாலே பெரிது.

கம்பெனிகள் எப்படியும் பணம் தராது என்பது இன்னும் ஆழமாக வேரூன்றிய எண்ணம். மறுப்புகள் நடப்பது உண்மை. அவற்றை எதிர்க்கச் சட்டம் இடம் தந்திருப்பதும் உண்மை. வாகனத் திருட்டு தொடர்பான குர்ஷிந்தர் சிங் வழக்கில் 2020-இல் உச்ச நீதிமன்றம், காவல் நிலையத்தில் உடனே புகார் தந்துவிட்டால், நிறுவனத்துக்குத் தெரிவிக்கத் தாமதமானதை மட்டும் காட்டி மறுக்க முடியாது என்றது. தொழிலுக்காக எடுத்த காப்பீடு என்பதால் மட்டுமே நுகர்வோர் ஆணையத்தின் கதவு மூடாது என்று 2023-இல் ஹர்சோலியா மோட்டார்ஸ் வழக்கில் தெளிவாக்கியது. இந்த உரிமைகள் பயன்பட வேண்டுமானால் முதல் நாள் வேலைகள் ஒழுங்காக நடந்திருக்க வேண்டும். புகார் பெற்றதற்குத் தரும் சி.எஸ்.ஆர். ரசீதோடு திரும்பிவிடாமல் முதல் தகவல் அறிக்கை பதியச் சொல்லிக் கேட்பது, அதில் ஒவ்வொரு கருவியின் சீரியல் எண்ணும் ஏறியிருப்பதைப் பார்ப்பது, நிறுவனத்துக்கு அன்றே மின்னஞ்சல் அனுப்புவது, உடைந்த பொருளாக இருந்தால் சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் பார்க்கும் வரை பழுது பார்க்கக் கொடுக்காமல் வைத்திருப்பது ஆகியவை அவசியம். திருட்டானால், கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்றிதழையும் பின்னால் காவல்துறையிடம் கேட்டு வாங்க வேண்டியிருக்கும். நிறுவனத்திடம் எழுத்தில் புகார் தந்து, அதை அது மறுத்தாலோ, ஒரு மாதமாகியும் பதில் வராவிட்டாலோ, ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகலாம். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்குமான அலுவலகம் சென்னையில் இருக்கிறது. தனி உரிமையாளராகத் தொழில் செய்பவரும் மனு தரலாம். கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை. மறுப்புக் கடிதத்தில் பாலிசியின் எந்த விதியைக் காட்டியிருக்கிறார்கள் என்று பார்த்து, அதற்கான பதிலையே மனுவின் முதல் பத்தியாக எழுதுங்கள்.