ஆட்டுப்பாலில் சுரந்த மருந்து எங்கே?

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துப் பண்ணை ஒன்றில் ஏறக்குறைய 200 வெள்ளாடுகள் இருந்தன. பார்த்தால் சாதாரண ஆடுகள்தான். அவற்றின் பாலில் மட்டும் மனித ரத்தத்துக்குரிய ஒரு புரதம் சுரந்தது. ஆன்டித்ராம்பின் என்ற அந்தப் புரதத்துக்கான மனித மரபணுவை, மடியில் மட்டுமே வேலை செய்யும்படி ஆட்டுக் கருவில் சேர்த்திருந்தார்கள். பாலிலிருந்து பிரித்தெடுத்த மருந்துக்கு ஐரோப்பா 2006இலும் அமெரிக்கா 2009இலும் அனுமதி தந்தன. மரபணு மாற்றிய விலங்கிலிருந்து வந்த முதல் மருந்து அது.

ரத்தத்தை உறைய வைக்கும் கடைசிக் கட்ட நொதி த்ராம்பின். காயம் பட்ட இடத்தில் அது வேண்டும். நல்ல ரத்தக்குழாயில் அது திரிந்தால் ஆபத்து. அங்கேதான் ஆன்டித்ராம்பின் எலிப்பொறிபோல நிற்கிறது. அதன் உடலிலிருந்து ஒரு வளையம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இரை என்று நினைத்து த்ராம்பின் அதை வெட்டும். வெட்டிய மறுகணம் வளையம் புரதத்துக்குள் மடிந்து செருகிக்கொள்ள, த்ராம்பினும் கூடவே மறுகோடிக்கு இழுபட்டு, உருக்குலைந்து செயலிழக்கும். ஒரு த்ராம்பினைப் பிடிக்க ஓர் ஆன்டித்ராம்பின் செலவாகும், மீண்டும் பயன்படாது. சேர்ந்து கிடக்கும் இரண்டையும் கல்லீரல் அகற்றிவிடும்.

ரத்தம் உறையாமலிருக்க மருத்துவமனையில் தினமும் போடும் ஹெப்பாரின் ஊசிக்குத் தனியாக இந்த வல்லமை கிடையாது. பொறியின் வேகத்தை ஆயிரம் மடங்கு கூட்டுவதுதான் அதன் வேலை. பொறியே குறைவாக இருந்தால்?

அப்படிப் பிறப்பவர்கள் உண்டு. 1965இல் நார்வேயில் ஒரு குடும்பத்தில் இந்தப் பரம்பரைக் குறை முதன்முதலில் கண்டறியப்பட்டது. சில ஆயிரம் பேரில் ஒருவருக்கு இருக்கும். புரத அளவு பாதியளவில் நிற்கும். காலில், நுரையீரலில் ரத்தக்கட்டி வரும். சாதாரண நாட்களில் ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரையால் சமாளிப்பார்கள். அறுவை சிகிச்சையின்போதும் பிரசவத்தின்போதும் ரத்தப்போக்குக்குப் பயந்து மாத்திரையை நிறுத்தியாக வேண்டும். கட்டி வரும் வாய்ப்பு அதிகமாவதும் அப்போதுதான். அந்தச் சில நாட்களுக்காகத்தான் ஆட்டுப்பால் ஆன்டித்ராம்பின். அதன் சர்க்கரை அமைப்பு வேறு என்பதால் உடலிலிருந்து சீக்கிரம் வெளியேறும். எனவே ரத்தநாளம் வழியே விடாமல் ஏற்றினார்கள்.

இன்று அந்த மருந்து ஐரோப்பாவிலும் இல்லை, அமெரிக்காவிலும் இல்லை. என்னைக் கவலைப்பட வைப்பது இதுதான். அமெரிக்க அனுமதிக்கு அடிப்படையான ஆய்வுகளில் இருந்த நோயாளிகள் மொத்தம் 31 பேர். கட்டி வந்தது ஒருவருக்கே. இத்தனை சிறிய கூட்டத்தை நம்பி மந்தை, பால் சுத்திகரிப்பு, தரச் சோதனை என்று எந்த நிறுவனம் காலத்துக்கும் செலவழிக்கும்? வேலை செய்யும் மருந்தும் வாங்க ஆள் குறைந்தால் காணாமல் போகிறது.

தானமாகக் கிடைக்கும் மனித பிளாஸ்மாவிலிருந்து எடுத்த ஆன்டித்ராம்பின் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. ஆனால் அதே பிளாஸ்மாவை நம்பித்தான் இம்யூனோகுளோபுலின், ஆல்புமின் போன்ற மருந்துகளும் தயாராகின்றன. கொடையாளர் வரத்து குறைந்தால் எல்லா மருந்தும் சேர்ந்தே குறையும். அரிய நோய்க்கான மருந்துக்கு ஆண்டுதோறும் குறைந்தபட்ச அளவை அரசுகளே வாங்கிக்கொள்வதாக முன்கூட்டி ஒப்பந்தம் போட வேண்டும். ஒரு நாட்டுக்குக் கட்டுப்படியாகாவிட்டால் பல நாடுகள் சேர்ந்து போடலாம்.